இரண்டு ஊசி நூல்

கேள்வி: 2013-ல் கிராஸ் ஸ்டிச்சில் (பெருக்கல் குறி போலப் போடும் தையல்) ஜோடி மயில் போட ஆரம்பித்தேன். 14 கவுண்ட் (அங்குலத்துக்கு 14 கட்டம்) ஐடா துணி, அதாவது கட்டம் கட்டமாக நெய்த துணி, ஆங்கர் நூல், 140-க்கு 100 கட்டம். பின்னணியும் முழுக்கத் தையல்தான். 5,000 தையல் ஆனதும் நின்றுபோனது. இன்னும் ஐந்து வாரத்தில் மகளுக்குக் கல்யாணம். தினம் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் முடித்துவிடலாம் அல்லவா? வேகமாகப் போட வழி சொல்லுங்கள்.
– வாசகி, தென்காசி

பதில்: வேகத்துக்கு வழி சொல்ல மாட்டோம். பாக்கி 9,000 தையல். மணிக்கு நூறு தையல் என்று வைத்தால் 90 மணி நேரம். தினம் மூன்று மணி என்றால் ஒரே மாதம். கணக்கு சரியாகத்தான் வருகிறது, தையல்தான் சரியாக வராது. இரண்டாவது மணி நேரத்தில் கை நூலை இறுக்கி இழுக்கத் தொடங்கும். ஐடா துணியில் இறுக்கினால் கட்டத்தின் மூலைகளில் துளை பெரிதாகித் துணி எட்டிப் பார்க்கும். பழைய 5,000 தையலும் புதிய 9,000 தையலும் இரண்டு பேர் போட்டதுபோல் தெரியும். கல்யாண வீட்டு வேலைக்கு நடுவில் நான்கு நாள் தவறினாலே துணி மறுபடி பீரோவுக்குள் போய்விடும். மகளுக்கு வேறு பரிசு கொடுங்கள். மயிலுக்குத் தேதி வைக்காதீர்கள்.

அளவை மணியில் வைக்காமல் நூலில் வையுங்கள். 14 கவுண்ட்டில் இரண்டு இழையாகப் போடும்போது ஒரு தையல் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் நூலைத் தின்னும். 18 அங்குல நூலில் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் விட்டது போக 40 தையல் வரும். ஒரு நாளைக்கு இரண்டு ஊசி நூல், அதாவது 80 தையல். வாரம் ஐந்து நாள் போட்டால் ஐந்து மாதம் சொச்சத்தில் முடியும். நூல் தீர்ந்ததும் எழுந்துவிடுங்கள், ஆசை மிச்சம் இருந்தாலும். 18 அங்குலத்தை மீறி நீளமாக வெட்டினால் நேரம் மிச்சமாகாது. துணிக்குள் போய்ப் போய் வந்து நூல் பஞ்சு பிரியும், முறுக்கிச் சிக்கும். வேண்டுமானால் 36 அங்குல ஓர் இழையை இரண்டாக மடித்து, வெட்டிய இரு முனைகளையும் ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். மறுமுனையில் இருக்கும் கண்ணிக்குள் ஊசியை விட்டு முதல் தையலைப் பூட்டிவிடலாம். முடிச்சு தேவையில்லை, முடிச்சு இருந்தால் ஃப்ரேம் போடும்போது முண்டு முண்டாகத் தெரியும்.

முதல் நாள் ஒரு தையலும் போடாதீர்கள். ஈரமான வெள்ளைப் பஞ்சைச் சிவப்பு, அடர்நீல நூல்மேல் அழுத்திச் சாயம் ஒட்டுகிறதா பாருங்கள். பிறகு குளிர்ந்த நீரில் மென்மையான சோப்புத் திரவம் விட்டு, பிழியாமல் அலசுங்கள். சாயம் இறங்கினால் நீர் தெளியும்வரை அலசிக்கொண்டே இருக்க வேண்டும். பாதியில் காயவிட்டால் கறை பிடித்துவிடும். அலசுவதற்கு முன் இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்திருந்தால் துருக்கறை இருக்கும். தையல் இல்லாத இடமானால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து அலசலாம். சாய நூல்மேல் இதைச் செய்யக் கூடாது.

அடுத்தது எண்ணிக்கை. வெளிர்நிறத் தையல் நூலால் பத்துப் பத்துக் கட்டமாகக் கோடு ஓட்டுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் பழைய பிழை இங்கேதான் பிடிபடும். பின்னணியில் ஒரு கட்டம் பிசகியிருந்தால் விட்டுவிடலாம். கண்ணிலோ அலகிலோ பிசகியிருந்தால் பிரித்தே ஆக வேண்டும், பிரித்த நூலைத் திரும்பக் கோக்காதீர்கள். மேலே வரும் குறுக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இத்தனை வருடம் கழித்து உட்காரும் கை தானாக எதிர்ப்பக்கம் போகும். அப்போது வெளிச்சம் வேறு மாதிரி விழுந்து அந்தப் பகுதி தனித்துத் தெரியும்.

நூல் வாங்கும்போது எண் ஒன்றாக இருந்தாலும் சாய லாட் (ஒரே தடவையில் சாயம் தோய்த்த தொகுதி) மாறினால் நிறம் ஒரு துளி மாறும். ஒரே தோகைக்குள் பாதியில் நூல் மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால், நான்கைந்து வரிசைக்குப் பழைய இழை ஒன்று, புதிய இழை ஒன்று எனச் சேர்த்துக் கோத்தால் நிறம் படிப்படியாக மாறும்.

உங்கள் வேலை நின்றது சோம்பலால் அல்ல என்றே தோன்றுகிறது. எந்தக் கட்டத்தில் விட்டோம், எந்த எண் நூல் என்று தேடுவதற்கே கால்மணி நேரம் போனால் யாருக்கும் உட்காரத் தோன்றாது. அதனால் எழும்போதே நாளைய வேலையைத் தயார் செய்யுங்கள். சார்ட்டின் (கட்டம் போட்ட மாதிரிப் படம்) நகலில் போட்ட கட்டங்களை வண்ணப் பேனாவால் அடித்துவிட்டு, நாளைக்கான இரண்டு நூலையும் வெட்டி எண் எழுதிய அட்டையில் சுற்றி வையுங்கள். துணியை இழுத்துப் பிடிக்கும் வளையத்தைக் கழற்றி, ஊசியை ஊசிமெத்தையில் குத்தி, துணியை வெள்ளைப் பருத்தித் துணியோடு சேர்த்துச் சுருட்டி வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.