ஒரே குறிப்பு பல தலைப்புகளுக்குப் பொருந்தினால் எங்கே வைப்பது?

கேள்வி: சோழர் கால ஊராட்சி பற்றிய ஆய்வேட்டுக்காக ஆர்க்-மோடில் (ஈமாக்ஸ் உரைத்தொகுப்பியில் குறிப்புகளைத் தலைப்பு வாரியாக அடுக்க உதவும் கருவி) குறிப்புகளைத் தொகுத்து வருகிறேன். ஒரே குறிப்பு பல தலைப்புகளுக்குப் பொருந்துவதால், எல்லா இடத்திலும் நகலெடுத்து ஒட்டுகிறேன். ஒன்றைத் திருத்தினால் மற்றவை பழையபடியே நின்றுவிடுகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: சான்றையும் வாதத்தையும் ஒரே வரிசையில் கலந்து அடுக்குவதால்தான் இந்தச் சிக்கல் வருகிறது. உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தகனின் 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, குடவோலையில் தேர்வானவர்களுள் 12 பேரைச் சம்வத்சர வாரியத்துக்கும் (ஆண்டுக் குழு), 12 பேரைத் தோட்ட வாரியத்துக்கும், 6 பேரை ஏரி வாரியத்துக்கும் ஒதுக்குகிறது. இச்செய்தி 'தேர்தல் முறை', 'வாரியங்கள்', 'நீர் மேலாண்மை' ஆகிய மூன்றுக்கும் உரியது என்பதால், எதன் கீழ் வைத்தாலும் மற்ற இரண்டிலும் அது தேவைப்படும்.

ஆகவே 'சான்றுகள்', 'இயல்கள்' என மேல்மட்டத்தில் இரண்டே தலைப்புகளை அமையுங்கள். சான்றுகளின் கீழ் ஒவ்வொரு கல்வெட்டுக்கும் ஒரு தலைப்பு இருக்கட்டும். குறிப்பின் முழு வாசகம் அங்கு மட்டுமே இருக்க வேண்டும். ஆய்வு வளர வளர இயல்களின் வரிசை பலமுறை மாறும், ஆனால் ஒரு செய்தி எந்தக் கல்வெட்டிலிருந்து வந்தது என்பது மாறாது. குறிப்புக்கு நிலையான இருப்பிடம் அதுவே என்று உறுதியாகச் சொல்வேன். இயல்களின் கீழ் உங்கள் வாதத்தை ஒரு வரியில் எழுதி, அதற்கு ஆதாரமான குறிப்புக்கு இணைப்பு கொடுங்கள். குறிப்பின் தலைப்பில் கர்சரை வைத்து 'ஆர்க்-ஐடி-கெட்-கிரியேட்' கட்டளையை இயக்கினால், அதற்கு நிலையான அடையாள எண் கிடைக்கும். அந்த எண்ணைக் கொண்டு இணைத்தால், தலைப்பின் பெயரை மாற்றினாலும் குறிப்பை வேறிடத்துக்கு நகர்த்தினாலும் இணைப்பு அறுபடாது. ஒர்க்ஃப்ளோயி என்ற குறிப்புச் செயலியைப் பயன்படுத்துவோருக்கு 'மிரர்' வசதி உண்டு. ஓரிடத்தில் திருத்தினால் அதன் பிரதிகள் அனைத்தும் தாமாகவே மாறும்.

குறிச்சொற்களைத் தலைப்புகளுக்கு மாற்றாகக் கொள்ள வேண்டாம். 'சரிபார்க்க' போன்ற, பல கிளைகளுக்கும் பொதுவான நிலைகளைக் குறிக்கவே அவை ஏற்றவை. ஆர்க்-மோடில் தாய்த்தலைப்பின் குறிச்சொல் அதன் உட்தலைப்புகள் அனைத்துக்கும் இயல்பாகவே இறங்கும் என்பதை மறவாதீர்கள். ஒரு கல்வெட்டின் தலைப்பில் 'சரிபார்க்க' என்று இட்டால், நீங்கள் ஏற்கெனவே சரிபார்த்த குறிப்புகளும் தேடலில் வந்து நிற்கும்.

ஒரு குறிப்பை இன்னொன்றின் கீழ் உள்தள்ளும் முன், மேலுள்ள தலைப்பை நீக்கினாலும் இது தனித்துப் பொருள் தருமா என்று பாருங்கள். தருமெனில் அதே மட்டத்தில் அருகில் வைத்தால் போதும். உள்தள்ளும்போது ஆல்ட்டுடன் வலது அம்புக்குறியை அழுத்தினால் அந்தத் தலைப்பு மட்டுமே நகரும். உட்தலைப்புகளும் உடன் வர வேண்டுமானால் ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

ஏற்கெனவே உள்ள நகல்களை ஒரே மூச்சில் களைய முற்படாதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும் இயலில் எதிர்ப்படும் நகல்களை மட்டும் ஒப்பிட்டு, திருத்தமானதைக் 'கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-டபிள்யூ' (ஆர்க்-மோடில் ஒரு தலைப்பை வேறு தலைப்பின் கீழ் நகர்த்தும் விசைகள்) மூலம் சான்றுகளுக்கு அனுப்பிவிட்டு, மற்றவை இருந்த இடத்தில் இணைப்பை இடுங்கள்.