பத்து வருஷ வெயிலை வைத்து நாளைய கரண்டுக்குக் கணக்குப் போடலாமா? கேள்வி பதில்

மின் தொகுப்புத் (மின் நிலையங்களையும் லைன்களையும் இணைக்கும் வலை) திட்டமிடலில் முப்பது வருஷம் கழித்துவிட்டுக் காரைக்குடிக்கே திரும்பியவன் நான். பருவநிலை மாறும்போது மின் கணக்கு எப்படி மாறுகிறது என்று அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில். நீளமான கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

புதுவயல், அரிசி ஆலை நடத்துபவர்: அண்ணே, 2012-இல் பாதி நாள் கரண்ட் இல்லாமல் டீசலில் ஆலை ஓட்டினேன். அந்தக் காலம் திரும்ப வருமா?

அதே உருவத்தில் வராது தம்பி. அப்போது மொத்தத்திலேயே மின்சாரம் போதவில்லை. வடக்கே வாங்கலாம் என்றாலும் கொண்டுவரப் போதுமான லைன் கிடையாது. தென் மாநிலங்களின் மின் தொகுப்பு மற்ற இந்தியாவோடு ஒன்றாக இணைந்ததே 2013 டிசம்பர் 31 அன்றுதான், ராய்ச்சூர் - சோலாப்பூர் லைன் வழியாக.

இப்போது பார்க்க வேண்டியது எந்த மாதம், எந்த மணியில் குறைகிறது என்பதை. சித்திரை மாதம் சாயங்காலம் ஏழரை மணியை எடுத்துக்கொள். சூரியன் இறங்கியாச்சு. தென்மேற்குக் காற்று இன்னும் கிளம்பவில்லை. சுவரெல்லாம் பகல் சூட்டைக் கக்குகிறது, வீட்டுக்கு வீடு ஏசி ஓடுகிறது. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. நம்மிடம் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை இருக்கிறது, ஆனால் சித்திரையில் அதை நம்பி உட்கார முடியாது. டீசல் செட்டை விற்றுவிடாதே. அதைவிட, சாயங்கால அரவையில் கொஞ்சத்தை மத்தியானத்துக்கு மாற்ற முடியுமா பார்.

காரைக்குடி, பொறியியல் மாணவி: சார், மாடல், மாடல் என்கிறார்களே, உட்கார்ந்து என்னதான் செய்வீர்கள்?

கணினிக்குள் ஒரு வருஷத்தை ஓட்டிப் பார்ப்போம். மொத்தம் 8,760 மணி நேரம். ஒவ்வொரு மணிக்கும் தேவை எவ்வளவு, காற்று எவ்வளவு, வெயில் எவ்வளவு, எந்த அனல் மின் யூனிட் பாய்லர் குழாய் ஓட்டையாகிப் படுத்திருக்கிறது. இந்தக் கடைசி விஷயத்துக்குச் சீட்டுக் குலுக்கல்தான். அப்புறம் வேறு வானிலை, வேறு குலுக்கல் என்று ஆயிரக்கணக்கான தடவை ஓட்டி, எத்தனை மணி நேரம் பற்றாக்குறை வந்தது என்று எண்ணுவோம். மத்திய மின்சார ஆணையம் தன் திட்டத்தில் இதற்கு வைத்திருக்கும் எல்லை 0.2 சதவீதம். வருஷத்துக்குச் சுமார் பதினேழரை மணி நேரம். அந்தப் பதினேழரை மணியும் பதினேழு சாயங்காலங்களில் ஒவ்வொன்றாக வருமா, ஒரே புயல் நாளில் சேர்ந்து வருமா என்பதை இந்த எண் சொல்லாது. எனக்கு அதன் மேல் இருக்கும் பெரிய குறை அதுதான்.

நான் செய்த ஒரு தப்பையும் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பல வருஷக் காற்றைக் கூட்டிச் சராசரி எடுத்து, ஒரே ஒரு 'சாதாரண வருஷம்' தயாரித்தேன். பற்றாக்குறை ஏறக்குறைய மறைந்தே போச்சு. பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். மேலதிகாரி ஒரு தாளை எடுத்து எழுதினார்: ஒரு வருஷம் ஜூன் 10 அன்று காற்றாலையில் 4,000 மெகாவாட். அடுத்த வருஷம் அதே நாள் பூஜ்யம். சராசரி 2,000. காற்றிலிருந்து நமக்கு வேண்டியதும் 2,000 என்றால், சராசரிப்படி ஒரு குறையும் இல்லை. நிஜத்தில் முதல் வருஷம் 2,000 வீண், மறு வருஷம் 2,000 இருட்டு. தாளை மடித்து என் சட்டைப் பையில் செருகிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

தேவகோட்டை, ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்: ஒவ்வோர் ஆபத்துக்கும் இத்தனை சதவீதம் என்று போட்டுப் பெருக்கினால் கணக்கு முடிந்ததே. இதில் என்ன பெரிய நிச்சயமின்மை?

ஐயா, நீங்கள் இப்படிக் கேட்கலாமா? நம் பக்கத்து வட்டிக்கடைகள் பர்மாவில் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாததா. ஆயிரம் விவசாயிகளுக்குக் கடன். ஒருத்தன் தராவிட்டால் மற்றவன் தருவான் என்ற நம்பிக்கை. பேரேட்டில் ஆயிரம் பெயர்கள், ஆனால் எல்லாருடைய வருமானமும் ஒரே நெல். 1930-இல் நெல் விலை விழுந்ததும் ஆயிரம் பேரும் ஒன்றாக விழுந்தார்கள். கடனுக்கு ஈடாக நிலம்தான் வந்து சேர்ந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார்களிடம் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம், 1937-இல் 25 சதவீதம். ரொக்கம் கொடுத்தவர்கள் கையில் வயல். 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது அந்த வயலைத் தூக்கிக்கொண்டா ஓடிவர முடியும்?

தனித்தனி ஆபத்துகளைப் பெருக்கலாம், அவை ஒன்றையொன்று அறியாதவையாக இருந்தால். வானிலை எல்லாவற்றுக்கும் பின்னால் நிற்கிற அந்த நெல் மாதிரி. 2023 ஆகஸ்ட்டைப் பாருங்கள். 1901-இலிருந்து உள்ள பதிவில் இந்தியாவின் மிக வறண்ட ஆகஸ்ட் அதுதான். மழை இல்லை, அதனால் நீர் மின்சாரம் குறைவு. மழை இல்லை, அதனால் பம்பு செட் ஓட்டம் அதிகம். மேகம் இல்லை, அதனால் புழுக்கம், ஏசி. செப்டம்பர் 1 அன்று நாட்டின் தேவை 2,40,000 மெகாவாட்டை எட்டியது. காரணம் ஒன்று, அடி மூன்று பக்கம். மூன்றுக்கும் தனித்தனிச் சதவீதம் போட்டுப் பெருக்கியிருந்தால், 'நூறு வருஷத்துக்கு ஒரு தடவை' என்று கணக்கு நம்மைத் தூங்க வைத்திருக்கும்.

கோட்டையூர்: என் மகன் டெக்சாஸ் மாநிலம் டாலஸில் இருக்கிறான். 2021-இல் கரண்ட் இல்லாமல் மூன்று நாள் வீட்டுக்குள் கோட்டுப் போட்டுக்கொண்டு தூங்கினான். அமெரிக்காவிலுமா இப்படி?

அங்கே நடந்ததும் அதேதான், குளிர் வேஷத்தில். டெக்சாஸ் திட்டமிடுபவர்கள் மிக மோசமான குளிர்காலத்துக்கு என்று வைத்திருந்த தேவை சுமார் 67,000 மெகாவாட். கரண்டை வெட்டாமல் விட்டிருந்தால் 2021 பிப்ரவரியில் தேவை சுமார் 77,000 போயிருக்கும் என்று பின்னால் கணக்கிட்டார்கள். எல்லாரும் ஹீட்டர் போடும் அதே நேரத்தில் எரிவாயுக் கிணறும் குழாயும் உறைந்து மின் நிலையங்கள் விழுந்தன. சில இடங்களில் எரிவாயுவைத் தள்ளுகிற மோட்டாருக்கே கரண்டை வெட்டினார்கள். அதனால் இன்னும் கரண்ட் குறைந்தது. மொத்தத் தொகுப்பும் சரிவதற்கு 4 நிமிஷம் 37 விநாடிதான் பாக்கி இருந்ததாம். செத்தவர்கள் அரசுக் கணக்கில் 246 பேர். எனக்கு ஆத்திரம் வருவது, 2011-இலேயே அங்கே ஒரு குளிர் அடித்து, கருவிகளுக்குக் குளிர் காப்புப் போடுங்கள் என்று அறிக்கை வந்திருந்ததுதான். மாடல் சொல்லாத விஷயம் இல்லை அது.

கண்டனூர்: 2050-இல் நம்ம ஊரில் எத்தனை டிகிரி?

ஒரே எண்ணாகச் சொல்ல மாட்டேன். யாராவது சொன்னால், அது எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்று திருப்பிக் கேளுங்கள்.

பள்ளத்தூர், ஆசிரியர்: பருவநிலை மாடல்கள் 2100 வரை சொல்கின்றன. அதை அப்படியே உங்கள் மாடலில் போட்டால் ஆயிற்றே?

வெப்பத்துக்கு ஓரளவு போடலாம். காற்றுக்குப் போட்டால் வம்பு. உலக மாடல்கள் பூமியைச் சுமார் 100 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரிக்கின்றன. தமிழ்நாட்டுக் காற்றாலைகளுக்குக் காற்று வருவதோ பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாக. பாலக்காட்டுக் கணவாயின் அகலமே 30, 40 கிலோமீட்டர்தான். நூறு கிலோமீட்டர் கட்டத்துக்குள் மலையும் கணவாயும் கரைந்து ஒரே மேடாகிவிடும். வாசலே இல்லாத வீட்டில் முகப்பிலிருந்து வளவுக்கு (உள்முற்றத்துக்கு) எவ்வளவு காற்று வரும் என்று கணக்குப் பார்ப்பது போல. அதனால் சின்னக் கட்ட மாடல்களில் மறுபடி ஓட்டி, அளந்த காற்றோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும்.

இன்னொன்று. அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்துக்குப் பெரிய நிச்சயமின்மை எல் நினோ (சில வருஷங்களில் பசிபிக் கடல் சூடாவது) போன்ற இயற்கையான ஏற்ற இறக்கம்தான். உலகம் எவ்வளவு புகை விடப்போகிறது என்பது நூற்றாண்டின் பின்பாதியில்தான் பெரிய கேள்வியாகிறது. டிரான்ஸ்ஃபார்மர் வாங்குபவருக்கு முதலாவது முக்கியம், அணை கட்டுபவருக்கு இரண்டும்.

கானாடுகாத்தான்: வளவு வீட்டில் எழுபது வருஷம் ஃபேன்கூட இல்லாமல் இருந்தோம். இப்போது பேரப்பிள்ளைகள் வந்தால் நாலு ரூமிலும் ஏசி. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் ராத்திரியெல்லாம் உறுமுகிறது.

ஆச்சி, அது உறுமுவதில் அர்த்தம் இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் பகலில் சூடாகி ராத்திரி ஆற வேண்டிய பொருள். இப்போது ராத்திரியும் ஆறுவதில்லை, அதே நேரத்தில் ஏசி லோடும் ஏறுகிறது. உள்ளே சுற்றியிருக்கும் காகித இன்சுலேஷனின் சூடு 6 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் ஒரு கைக்கணக்கு. பழைய வெப்பநிலையை வைத்து நாற்பது வருஷம் என்று எழுதியிருந்தால் அந்த எண்ணை நம்ப வேண்டாம். பேரப்பிள்ளைகளை நாலு ரூமில் படுக்க வைக்காமல் இரண்டில் படுக்க வையுங்கள், அவர்களும் பேசிக்கொண்டு தூங்கட்டும்.

ஆத்தங்குடி, டைல்ஸ் பட்டறை: எதிர்காலம் இவ்வளவு நிச்சயமில்லாதது என்றால் எதை நம்பிச் செலவு செய்வது? மாடியில் சோலார் போடலாமா?

பக்கத்து மாவட்டத்தில் கஜா புயல் செய்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். 2018 நவம்பர் 16. மாநிலத்தில் சாய்ந்த மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அடுத்த புயல் எந்த வருஷம் என்று எந்த மாடலும் சொல்லாது. ஆனால் கண்மாய் வெட்டியவர்களும் எவ்வளவு மழை வரும் என்று தெரிந்துகொண்டு வெட்டவில்லை. கரையை ஒரு அளவுக்கு உயர்த்திவிட்டு, மிஞ்சினால் போகக் கலுங்கு வைத்தார்கள். நாங்களும் இப்போது அப்படித்தான் யோசிக்கிறோம்: எந்த எதிர்காலம் வந்தாலும் ரொம்ப வருத்தப்பட வைக்காத செலவு எது? சப்ஸ்டேஷனை வெள்ள மட்டத்துக்கு மேலே தூக்கிக் கட்டுவது அப்படிப்பட்டது.

சோலார் போடுங்கள். இரண்டு விஷயம். பேனல் 65 டிகிரிக்குச் சூடானால் அதன் மேல் எழுதியிருக்கும் திறனைவிடச் சுமார் 14 சதவீதம் குறைவாகத் தரும், அதனால் தளத்தோடு ஒட்டாமல் அடியில் காற்று போக இடம் விடச் சொல்லுங்கள். அப்புறம், பேட்டரி இல்லாத சாதாரண சோலார், லைனில் கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும், லைனில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக. புயலுக்கு மறுநாள் நல்ல வெயில் அடிக்கும், உங்கள் பேனல் சும்மா கிடக்கும். புயலுக்குத்தான் என்றால் பேட்டரியோடு கேளுங்கள்.

மறுபடி அதே மாணவி: நானே சின்னதாக ஒன்று செய்து பார்க்க எங்கே ஆரம்பிப்பது?

மின் தொகுப்பை மாடல் செய்யும் பைப்சா (PyPSA) என்ற மென்பொருள் இலவசம். ஐரோப்பிய வானிலை மையத்தின் இரா-5 (ERA5) என்ற பழைய வானிலைத் தரவும் இலவசம், 1940-இலிருந்து மணிக்கு மணி இருக்கிறது, கட்டம் சுமார் 31 கிலோமீட்டர். பாலக்காட்டுக் கணவாய் அதில் ஒரு கட்டம், தப்பினால் இரண்டு. முதலில் அந்தக் கட்டத்தின் ஜூன் மாதக் காற்றை எடுத்து, ஐந்து வருஷத்தை ஒரே தாளில் வரைந்து எடுத்துக்கொண்டு வா. சராசரி கோடு மட்டும் போடாதே.