பள்ளி வேலையை விட்டு ஆன்லைனில் எழுத்துப் பயிற்சி நடத்தலாமா?

கேள்வி: பெரம்பூரில் ஒரு தனியார் பள்ளியில் 17 வருடமாகத் தமிழ் ஆசிரியை. எட்டாம் வகுப்பு வரை நடத்துகிறேன். கொரோனா சமயத்தில் ஆன்லைன் வகுப்பில் பிள்ளைகளைக் கதை எழுத வைத்தேன், நன்றாக வந்தது. வேலையை விட்டுவிட்டுப் பெரியவர்களுக்கு ஆன்லைனில் கதை எழுதும் பயிற்சி நடத்த ஆசை. வீடியோ பாடங்கள் எடுத்துத் தர ஒருவர் 60,000 ரூபாய் கேட்கிறார். என் கதைகள் இரண்டுதான் அச்சில் வந்திருக்கின்றன. எனக்குத் தகுதி இருக்கிறதா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அந்த 60,000 ரூபாயை இப்போது கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

வீடியோ பாடத்துக்கு இங்கே பஞ்சமில்லை. ஐ.ஐ.டி.களின் வீடியோ பாடத் திட்டமான என்.பி.டி.இ.எல். 2003-இலேயே தொடங்கிவிட்டது, 2017-இல் மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயம் வந்தது. கோட்டூர்புரத்தில் இருக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001 முதல் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் இணையத்தில் தமிழ் சொல்லித் தருகிறது. எல்லாம் நல்ல காரியங்கள். கணக்கோ இலக்கணமோ லட்சம் பேருக்கும் ஒன்றுதான், ஒரு தடவை எடுத்து வைத்தால் போதும். கதை அப்படியா? ஒவ்வொருவரும் தடுக்கி விழும் இடம் வேறு.

2020-இல் நானும் ஆன்லைனில் எழுத்து வகுப்பு எடுத்தேன். ஒரு மணி நேரம் பேசினேன், எதிரே எல்லாருடைய கேமராவும் அணைந்திருந்தது. அன்று இரவு ஒரு பெண் தன் நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். அதில் ஒரு வரி: 'அம்மா மிகவும் சோகமாக இருந்தாள்.' அடியில் கோடு போட்டு, 'அவர் கை என்ன செய்துகொண்டிருந்தது?' என்று மட்டும் கேட்டு அனுப்பினேன். மறுநாள் திரும்பி வந்த வரி இது: 'பால் பொங்கி அடங்கிவிட்டது, அம்மா அடுப்பை அணைக்காமல் நின்றாள்.' என் வகுப்பு உண்மையில் தொடங்கியது அந்த வரியில்தான்.

உங்கள் தகுதியும் அங்கேதான் இருக்கிறது. 17 வருடமாகக் கட்டுரை நோட்டுத் திருத்தியவருக்கு, ஒரு வாக்கியம் எங்கே பொய் சொல்கிறது என்று கண் தானாகக் காட்டிக்கொடுக்கும். அச்சில் வந்தவை இரண்டே கதைகள் என்பது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. ஆனால் நீங்களும் தொடர்ந்து எழுத வேண்டும், அதை விட்டுவிடக் கூடாது.

ஒரு குழுவுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். ஆளுக்கு வாரம் 300 சொல் எழுதினால், ஒன்றைப் படித்துக் குறிப்பு எழுத இருபது நிமிடம் ஆகும். பன்னிரண்டு பேருக்கு நாலு மணி நேரம். வகுப்பு ஒன்றரை மணி நேரம் தனி. கட்டணம் வைக்கும்போது அந்த நாலு மணி நேரத்தையும் கணக்கில் சேருங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். நேரம்? சனிக்கிழமை மாலை ஆறரை சரியாக வரும். அப்போது சிங்கப்பூரில் இரவு ஒன்பது, கோடைக்கால லண்டனில் பகல் இரண்டு. செலவென்று பார்த்தால் ஒரு நல்ல மைக் போதும்.

வேலையை உடனே விடாதீர்கள். ஆனால் ஒன்று: 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, ஆசிரியர்கள் டியூஷனோ வேறு தனிப்பட்ட போதனையோ நடத்தக் கூடாது என்கிறது. நீங்கள் சொல்லித்தரப் போவது பெரியவர்களுக்குத்தான் என்றாலும் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். உங்கள் பள்ளிப் பிள்ளைகளை மட்டும் சேர்க்கவே சேர்க்காதீர்கள். அனுமதி கிடைத்தால் முதல் எட்டு வாரம் காசில்லாமல் நடத்துங்கள். கடைசி வாரம் வரை எத்தனை பேர் எழுதி அனுப்புகிறார்கள் என்று பாருங்கள். எட்டு பேராவது நின்றால், ராஜினாமாவைப் பற்றி வீட்டில் உட்கார்ந்து பேசலாம்.

முதல் குழு முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். நீங்கள் கோடு போட்டுத் திருத்திய பக்கம் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.