ஜப்பானியரிடம் உதவி கேட்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: மேலதிகாரிக்கு அறிக்கையை அனுப்பி, "மித்தெ குதசாய்" (பாருங்கள்) என்று எழுதினேன். பணிவாகத்தானே எழுதினேன்? பக்கத்து இருக்கைக்காரர் முகம் சுளித்தார்.

பதில்: நாம் முதலில் படிக்கும் பணிவுச் சொல் குதசாய், பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். 'குதசாரு' என்ற மரியாதை வினையின் ஏவல் வடிவம் அது. எவ்வளவு மரியாதை பூசினாலும் ஏவல் ஏவல்தான். மறுக்க இடம் தராது. மேலதிகாரியிடம் "மித்தெ இத்ததக்கெமாசென் கா" என்று கேளுங்கள். 'நீங்கள் பார்த்துத் தரும் உதவி எனக்குக் கிடைக்காதா' என்பது உட்பொருள். எதிர்மறையில் கேட்பதால் "இத்ததக்கெமஸ் கா"வைவிட ஒரு படி பணிவு கூடும். சக ஊழியருக்கு "மித்தெ மொராஎமஸ் கா" போதும். நெருங்கிய நண்பனுக்கு "மித்தெ குரெனாய்?" அவனிடம் போய் இத்ததக்கெமாசென் என்றால், என்ன கோபம் என்று கேட்பான்.

கேள்வி: ரயில் நிலைய அறிவிப்பில்கூட குதசாய் வருகிறதே?

பதில்: பலன் யாருக்கு என்று பாருங்கள். மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கச் சொல்வது பயணியின் நன்மைக்கு. விருந்தாளியிடம் "தாபெத்தெ குதசாய்" (சாப்பிடுங்கள்) என்பதும் அப்படியே. நாமும் "இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள்" என்று ஏவலில்தானே உபசரிக்கிறோம்?

கேள்வி: உணவகத்தில் தண்ணீர் கேட்க?

பதில்: "ஒமிஸு குதசாய்", "ஒமிஸு ஒனெகாய்ஷிமஸ்" இரண்டும் சரி. முன்னால் ஒரு "சுமிமாசென்" (மன்னிக்கவும்) போடுங்கள்.

கேள்வி: விடுப்பு கேட்க "யாசுந்தெ இத்ததக்கெமாசென் கா" சரிதானே?

பதில்: ஐயையோ, வேண்டாம்! அது மேலதிகாரியை விடுப்பில் போகச் சொல்வது. இத்ததக்கு ('இத்ததக்கெமாசென்' என்பதன் மூல வினை) அமைப்பில் முன்னால் வரும் வினையைச் செய்பவர், நீங்கள் யாரிடம் கேட்கிறீர்களோ அவர். விடுப்பு எடுப்பது நீங்கள் என்பதால், 'எடுக்க விடுதல்' என்ற பொருள் வரும் வடிவம் வேண்டும்: "அஷித்தா யாசுமசெத்தெ இத்ததக்கெமாசென் கா" (நாளை விடுப்பு எடுக்க அனுமதிப்பீர்களா). 'சசெத்தெ' வகை வடிவங்களைத் தேர்வுக்காக மட்டும் மனப்பாடம் செய்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

கேள்வி: கேட்டேன். "அஷித்தா வா ச்சோத்தோ..." என்று இழுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். 'நாளை கொஞ்சம்' என்றால் என்ன? மீண்டும் கேட்கலாமா?

பதில்: வேண்டாம். ச்சோத்தோ என்று முடிக்காமல் இழுத்தால், அவர் மறுத்துவிட்டார் என்று பொருள். "வாக்காரிமாஷித்தா" (புரிந்தது) என்று சொல்லிவிட்டு, வேறொரு நாளைக் கேட்டுப் பாருங்கள்.