அக்காவின் கையிலிருந்து தங்கையை வாங்கிவிடாதீர்கள்

கேள்வி: பெண் குழந்தைகள் இல்லத்தில் இல்லத் தாயாகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவோடு நாளை மறுநாள் ஒரு அக்காவும் தங்கையும் வருகிறார்கள், 10 வயது, 6 வயது. அம்மா இறந்துவிட்டார், அப்பாவுக்குக் குடி. 13 வயது அண்ணனை வேறு ஊரில் உள்ள பையன்கள் இல்லத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். முதல் சில நாட்கள் நான் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

பதில்: முதலில் படுக்கையைப் பாருங்கள். வயதுவாரியாக அறை பிரிக்கும் வழக்கம் உங்கள் இல்லத்தில் இருந்தால், இவர்களுக்கு மட்டும் அதைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கண்காணிப்பாளரிடம் இன்றைக்கே பேசிவிடுங்கள். கூடப் பிறந்தவர்களைப் பிரிக்காமல் வைப்பதுதான் முறை என்று 2009-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற வழிகாட்டுதல்களே சொல்கின்றன. இரண்டு பாயையும் ஒட்டிப் போடுங்கள், இரவில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும், கழிவறைக்கு எந்த வழி என்று பொழுது சாயும் முன்பே கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள்.

அந்தப் பத்து வயதுப் பெண்தான் இத்தனை நாளும் தங்கைக்குச் சோறு ஊட்டி, தலை பின்னி, அப்பா சத்தம் போடும்போது காதைப் பொத்திப் படுக்க வைத்தவளாக இருப்பாள். நல்லெண்ணத்தில் நாம் செய்யும் பெரிய தவறு, வந்த அன்றே "நீயும் குழந்தைதான், இனிமேல் எல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்று சின்னவளைத் தூக்கிக்கொண்டு போவது. அவளுக்கு மிச்சம் இருப்பதே அந்த ஒரு பொறுப்புதான், அதையும் வாங்கிவிட்டால் அவள் எதைப் பிடித்துக்கொள்வாள்? "தங்கச்சி எப்படித் தூங்குவா, என்ன சாப்பிடுவா" என்று அவளிடமே கேளுங்கள், அவள் சொன்னபடி செய்யுங்கள். அப்புறம் இரண்டு மூன்று வாரம் போனபின் "இன்னைக்கு நான் பின்னிவிடுறேன், நீ போய் விளையாடு" என்று கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளலாம்.

போட்டு வந்த பழைய கவுனைத் தூக்கி எறியாதீர்கள், துவைத்து அவர்களிடமே கொடுங்கள். பேன் இருந்தால் மருந்தும் பேன்சீப்பும் போதும், மொட்டை வேண்டவே வேண்டாம். தலையணைக்கு அடியில் பிஸ்கட்டோ சோற்று உருண்டையோ இருந்தால் அது திருட்டு இல்லை, அடுத்த வேளை உண்டா என்று தெரியாமல் வளர்ந்த பிள்ளையின் முன்ஜாக்கிரதை. ஒரு மூடிபோட்ட டப்பாவில் கொஞ்சம் பொரிகடலை போட்டு "இது உன்னோடது" என்று கொடுத்துவிடுங்கள். படுக்கை நனைந்தால் யாருக்கும் தெரியாமல் மாற்றுங்கள், மற்றப் பிள்ளைகள் முன்னால் ஒரு வார்த்தை வேண்டாம்.

சின்னவள் அம்மா எங்கே என்று கேட்பாள். "ஊருக்குப் போயிருக்காங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள், ஏனென்றால் அவள் தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அம்மா இறந்துட்டாங்க, திரும்பி வர மாட்டாங்க, அழணும்னா அழு, நான் பக்கத்துல இருக்கேன், அவ்வளவு போதும், எத்தனை முறை கேட்டாலும் அதே பதில். அப்பாவைப் பற்றி எவ்வளவு கோபம் இருந்தாலும் பிள்ளைகள் காதுபடத் திட்டாதீர்கள். வீட்டில் என்ன நடந்தது என்று நீங்களாகத் துருவ வேண்டாம். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், அடி, தொடுதல் என்று ஏதாவது வந்தால் சொன்ன வார்த்தை மாறாமல் எழுதி அன்றே கண்காணிப்பாளரிடம் கொடுங்கள்.

"இனிமே இதுதான் உங்க வீடு" என்றும் வாக்குக் கொடுக்காதீர்கள். 2015 இளைஞர் நீதிச் சட்டத்தில் இல்லம் என்பது கடைசி வழிதான். பிள்ளையின் குடும்பம், உறவினர்கள் பற்றி விசாரிக்கும் சமூக விசாரணையை 15 நாளில் முடிக்க வேண்டும், அதில் ஒரு பாட்டியோ சித்தியோ கிடைக்கலாம், பணம்தான் தடை என்றால் மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. பாட்டி பெயர், ஊர் என்று பெரியவள் பேச்சுவாக்கில் எதையாவது சொன்னால் குறித்து வையுங்கள்.

நன்கொடை தர வருபவர்கள் முன்னால் இவர்களை வரிசையில் நிறுத்த வேண்டாம், செல்போனில் படம் எடுக்கவும் விடாதீர்கள். பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடுவது அதே சட்டத்தின் 74-வது பிரிவில் குற்றம்.

சரி, அண்ணன். அவனைப் பற்றி நீங்கள் ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள், அந்தப் பெண்களுக்கோ பாதி நினைப்பு அங்கேதான் இருக்கும். வாரம் ஒரு முறை போன், மாதம் ஒரு முறை நேரில் என்று இருவரின் தனிநபர் பராமரிப்புத் திட்டத்திலும் (ஒவ்வொரு பிள்ளைக்கும் என்னென்ன செய்ய வேண்டும் என்று இல்லத்தில் எழுதிவைப்பது) எழுதச் சொல்லுங்கள், கண்காணிப்பாளர் மூலம் குழந்தைகள் நலக் குழுவிடமும் கேளுங்கள். மூன்று பேரையும் ஒரே ஊரில் வைக்க முடியுமா என்றும் கேட்கலாம், கேட்டால்தான் யோசிப்பார்கள். அந்த இல்லத்தின் எண்ணை நாளைக்கே வாங்கி, அங்கேயும் சொல்லி வையுங்கள். வந்த அன்று சாயங்காலம், சாப்பாட்டுக்கு முன்னால், அண்ணன் குரலை அவர்கள் கேட்கட்டும்.