வேதியியல் படித்தால் மூளைக்குப் போக முடியுமா?

ஐயா, வணக்கம்.

"என் மகள் நீட்டில் கோட்டை விட்டாள். இப்போது பி.எஸ்சி. வேதியியலில் சேர்ந்து மூளையை ஆராயப் போகிறேன் என்கிறாள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டிருந்தீர்கள். நெருங்கிய சம்பந்தம் இருக்கிறது. உங்கள் தம்பியின் மனச்சிதைவு நோய்தான் அவளை இந்தப் பக்கம் இழுத்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மூளைச் செல்களில் வேதிச் செய்திகளை வாங்கிக்கொள்ளும் புரதங்களை ஏற்பிகள் என்கிறோம். அவள் சொல்லும் பெட் ஸ்கேன் அவற்றை நேரடியாகப் படம் பிடிப்பதில்லை. செரோடோனின் என்ற மூளை வேதிப்பொருளை வாங்கும் ஏற்பிகளில் ஒரு வகையான 2ஏ ஏற்பியில் போய் ஒட்டிக்கொள்ளும் மூலக்கூறு ஒன்றைச் செய்து, அதில் கதிரியக்க அணுவைக் கோத்து நரம்பில் ஏற்றுகிறார்கள். அது மூளையில் எங்கே, எவ்வளவு ஒட்டியது என்பதைத்தான் கருவி அளக்கிறது. அந்தக் கதிரியக்க அணு கார்பன்-11 என்றால் அதன் அரை ஆயுட்காலம், அதாவது பாதி அணுக்கள் சிதைந்துவிடும் நேரம், சுமார் 20 நிமிடம், புளூரின்-18 என்றால் சுமார் 110 நிமிடம். சைக்ளோட்ரான் என்ற துகள்முடுக்கி இயந்திரத்திலிருந்து வந்த அணுவை மூலக்கூறில் சேர்த்து, தூய்மைப்படுத்தி, சோதித்து, ஊசியில் ஏற்ற வேண்டும். உலை கொதிப்பதற்குள் அரிசி பாதியாகிவிடும் அடுப்படி அது. அங்கே நிற்பவர் மருத்துவர் இல்லை, வேதியியலாளர்.

உங்கள் தம்பி மனச்சிதைவுக்குச் சாப்பிடும் குளோசபைன் மருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1995-இல் வெளியான ஸ்டாக்ஹோம் ஆய்வில், அதை எடுத்துக்கொண்டவர்களின் செரோடோனின் 2 ஏற்பிகளில் (2ஏ இந்த வகையைச் சேர்ந்ததுதான்) 84 முதல் 94 சதவீதத்தை மருந்து பிடித்திருந்தது. டோபமின் என்ற இன்னொரு மூளை வேதிப்பொருளை வாங்கும் டி2 ஏற்பிகளிலோ 20 முதல் 67 சதவீதம்தான். டி2-ஐ அதிகமாகப் பிடிக்கும் பழைய மருந்துகளைப்போலக் கை கால் விறைப்பை அது அதிகம் தராததற்கு ஒரு காரணம் இப்படித்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

"தம்பிக்கும் அந்த ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். 2010-இல் வெளியான கோபன்ஹேகன் ஆய்வில், அதுவரை மனநோய் மருந்தே எடுக்காத 30 மனச்சிதைவு நோயாளிகளை நலமான 30 பேரோடு ஒப்பிட்டார்கள். மூளையின் முன்பகுதியில் 2ஏ பிணைப்பு, அதாவது ஏற்பிகளில் ஒட்டிய மூலக்கூறின் அளவு, நோயாளிகளிடம் குறைவாக இருந்தது. முந்தைய சில ஆய்வுகளில் வித்தியாசமே தெரியவில்லை. இது கூட்டத்தின் சராசரி. ஒருவரை உட்காரவைத்து நோய் உண்டா இல்லையா என்று சொல்ல இது உதவாது. அதைச் சொல்வது இன்றும் மனநல மருத்துவரின் விசாரணைதான்.

இனி உங்கள் உண்மையான கவலை: சம்பாத்தியம். பாதை நீளமானது, மறைக்க மாட்டேன். பி.எஸ்சி. மூன்று வருடம், எம்.எஸ்சி. இரண்டு, முனைவர் பட்டம் ஐந்து. எம்.எஸ்சி.க்கு ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதித் தேறினால் ஐ.ஐ.டி.களில் சேரலாம். பிறகு முனைவர் பட்டத்துக்கு, சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் வரும். கையேந்தும் நிலை இராது, ஆனால் இருபத்தெட்டு வயதில் வீடு கட்டும் பணமும் அல்ல. கல்யாணப் பேச்சை அதுவரை ஒத்திப்போட உங்களால் முடியுமா என்று நீங்களும் அவள் அம்மாவும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள். பல பெண்களின் ஆய்வு அங்கேதான் நிற்கிறது.

நடுவில் மனம் மாறினாலும் படிப்பு வீணாகாது. புற்றுநோய்க்கு அன்றாடம் எடுக்கும் பெட் ஸ்கேனிலும் பெரும்பாலும் ஏற்றுவது அதே புளூரின்-18தான். அந்தக் கதிரியக்க மருந்தைத் தயாரிக்கவும் தரம் பார்க்கவும் ஆள் வேண்டும். இயற்பியலில் நாட்டம் வந்தால் அண்ணா பல்கலைக்கழகத்தில் மருத்துவ இயற்பியலில் எம்.எஸ்சி. உண்டு, ஆனால் அதற்கு இளங்கலையே இயற்பியலில் இருப்பது நல்லது. ஆகவே அந்த ஆசை இப்போதே இருக்கிறதா என்று அவளிடம் கேட்டுவிடுங்கள்.

வேதியியல்தான் என்றால், சேர்க்கையின்போது துணைப்பாடம் கேட்பார்கள். நீட்டுக்குப் படித்த பழக்கத்தில் விலங்கியல் என்று சொல்லிவிடப் போகிறாள். கணிதமும் இயற்பியலும் எடுக்கச் சொல்லுங்கள்.