கிசான் தவணை நின்றுவிட்டதாக அப்பாவுக்கு வந்த அழைப்பு

பிஎம் கிசான் (விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகை) தவணை நின்றுவிட்டது என்று உங்கள் அப்பாவை அழைத்தவன் மோசடிக்காரன்; அது வேளாண்மைத் துறையின் அழைப்பு இல்லை. வாட்ஸ்அப்பில் வந்திருக்கும் அந்த ஏபிகே கோப்பை (போனில் செயலியை நிறுவும் கோப்பு) அப்பா தொடவே வேண்டாம். நிறுவினால், வங்கி அனுப்பும் குறுஞ்செய்திகள் அவன் கைக்குப் போய்விடலாம்.

அப்பாவின் ஊர் மன்னார்குடி, பயிர் சம்பா என்று சரியாகச் சொன்னானே என்கிறீர்கள். டெல்டாவில் யாரிடம் சம்பா என்றாலும் பொருந்தத்தான் செய்யும்! பெயரும் எண்ணும் எங்கேயாவது கசிந்திருக்கும்.

2,000 ரூபாய் தவணை வந்ததா என்பதை பிஎம் கிசான் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். இல்லையென்றால் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் நேரில் கேளுங்கள்.

ஒன்று மட்டும்: இ-கேஒய்சி (இணையவழி அடையாளச் சரிபார்ப்பு) உண்மையிலேயே உண்டு, அதற்கு ஓடிபியும் வரும். ஆனால் அதைத் தளத்தில் நாம்தான் இட வேண்டும், போனில் எவருக்கும் சொல்லக் கூடாது.

ஏற்கெனவே நிறுவிவிட்டாரென்றால், டேட்டாவை அணைத்துவிட்டு வேறு போனிலிருந்து சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள், வங்கிக்கும் உடனே சொல்லுங்கள்.